கோ-பைலட் வீட்டுச் சளி

மற்ற வீடுகளில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் ஒரு துணியை எடுத்துத் துடைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். பேக்கரிக்காரன் வீட்டில் அது நடக்காது. அங்கே ஒரு தும்மல் கேட்டால் போதும், மாடி வீட்டுக்கும் கீழே இருக்கிற கடைக்கும் நடுவில் எல்லைக்கோடு விழுந்துவிடும். தும்மியவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனித் துண்டு, தனிப் படுக்கை. பேக்கரிக்காரனின் பெண்டாட்டி ஒரு சின்ன விமானக் கம்பெனியில் கோ-பைலட். அந்த வீட்டில் சளி என்பது சோற்றில் கை வைக்கிற சமாச்சாரம்.

மூக்கடைப்போடு பறக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். மேலே ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். காதுக்குள்ளே காற்றுப் போக வழி இல்லாவிட்டால் சவ்வைப் பிடித்து அமுக்கும். உயிர் போகிற மாதிரி வலிக்கும். சவ்வு கிழிந்தாலும் கிழியும். அதனால் தினமும் யூனிஃபார்ம் சட்டையை மாட்டுவதற்கு முன் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மெதுவாக ஊதிப் பார்ப்பாள். இரண்டு காதும் டப்பென்று திறந்தால் டூட்டிக்குப் போகலாம். கூடவே புருஷனும் ஊதுவான், பிள்ளையும் ஊதும். மூன்று பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வெளியாள் யாராவது பார்த்தால், குடும்பத்தோடு கோபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பான்.

அந்த வாரம் முழுக்க விடாத தூறல். பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு இருமிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரனின் ஆறு வயது மகள், வீட்டில் எல்லோரும் பொடிசு என்று கூப்பிடுகிறவள், தன் பங்குக்கு ஒரு சளியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்றைக்கே அவள் கட்டில் கீழே இறங்கியது. ரொட்டி அடுப்புக்குப் பின்னால், மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில், அப்பாவோடு படுக்கை. அம்மாவும் மகளும் பேசிக்கொள்வது மாடிப்படியில்தான். அம்மா மேல்படியில், மகள் கீழ்ப்படியில்.

"அம்மா, இன்னிக்குக் கொஞ்சம்தான் ஒழுகுச்சு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரே ஒரு கைக்குட்டை."

"அப்போ இன்னும் ரெண்டு நாள் போகட்டும்டி தங்கம்."

"ஒரே ஒரு தடவை மேல வரட்டா? மூச்சு விடாம வர்றேன்."

அம்மா ஏதோ அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்த மாதிரி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது கீழே நின்ற பேக்கரிக்காரனுக்குத் தெரியும்.

சாதாரணமாக இவ்வளவு கெடுபிடி இருக்காது. இந்த மாதம் அப்படி. அவள் கம்பெனியில் இருப்பதெல்லாம் நாற்பது, ஐம்பது பேர் ஏறுகிற, இறக்கையில் விசிறி சுற்றுகிற விமானங்கள். இடது பக்கம் ஒரு கேப்டன், வலது பக்கம் ஒரு கோ-பைலட். இரண்டு பேரும் இருந்தால்தான் வண்டி கிளம்பும். பெரிய கம்பெனிகள் பெரிய விமானங்களைக் காட்டி ஒவ்வொரு கேப்டனாகக் கொத்திக்கொண்டு போய்விட்டன. கேப்டன் இல்லாமல் கோ-பைலட்டுகள் என்ன செய்வார்கள்? தரையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் நகத்தைக் கடித்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எதற்குச் சம்பளம் என்று கம்பெனி அவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பியது. அந்த ஊர் நிலையத்தில் கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் பெரியவர் என்று எல்லோரும் கூப்பிடுகிற கேப்டன். இன்னொருத்தி இவள்.

இது முதன்முதலாகக் காதில் விழுந்தபோது பேக்கரிக்காரன் மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டான்.

"புரியலையே. ஆள் பத்தலைங்கறாங்க, இருக்கற ஆளையும் அனுப்பறாங்க. அடுப்புக்கு ஆள் இல்லைன்னு மாவு பிசையறவனை விரட்டற கதையா இருக்கு."

"அதேதான்டா" என்றாள் அவள், மாவு மூட்டை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கடையில் ஆள் இருந்தால் மட்டும்தான் அவன் 'ஏங்க' ஆவான். "கோ-பைலட்டைக் கேப்டனாக்கலாம்ல, அப்படின்னு கேட்டோம். ஆக்கறோம், ஆனா இத்தனை மணி நேரம் பறந்திருக்கணும்ங்கறாங்க. பறக்க விடுங்கன்னா, கேப்டன் இல்லைங்கறாங்க."

"நல்லா இருக்கே."

"இப்ப ஒரு கெடு வச்சிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள மணிக்கணக்கை முடிச்சவங்களை வச்சுக்குவாங்களாம், கேப்டன் ட்ரெயினிங் குடுப்பாங்களாம். முடிக்காதவங்க கிளம்ப வேண்டியதுதான்."

"உனக்கு எவ்வளவு பாக்கி?"

"வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு தடவை போய்ட்டு வந்தா முடிஞ்சிரும்."

"அவ்வளவுதானா? அதுக்கா மூஞ்சியை இப்படித் தூக்கி வச்சிருக்கே?"

"வெள்ளிக்கிழமையோட பெரியவருக்கு வயசு வரம்பு முடியுதுடா. அடுத்த நாள்லேருந்து அவர் ஓட்டக் கூடாது. புதுக் கேப்டன் அடுத்த மாசம்தான் வர்றார். அந்த ஒரு நாளை விட்டா எனக்குப் பக்கத்துல உக்கார ஆளே இல்லை."

அவன் மறுபடி மாவில் கையை வைத்தான். அதற்கப்புறம் பிசைந்த மாவு அன்றைக்குத் தேவைக்கு மேல் மிருதுவாக வந்தது. பன்னை வாங்கிப்போனவர்கள் நன்றாக இருக்கிறதென்று மறுநாளும் வந்து கேட்டார்கள்.

அவள் அந்த வேலைக்கு எப்படிப் போனாள் என்பது அவனுக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம்தான் படித்தாள். பரீட்சைக்குப் படிக்கும்போது பொடிசு வயிற்றில் இருந்தாள். முதல் நாள் தனியாக வண்டியை இறக்கிவிட்டு வந்தவள் கடைக்குள் நுழைந்து, ஒன்றும் பேசாமல், ஆறிக்கொண்டிருந்த ரொட்டியில் ஒன்றை எடுத்துப் பிய்த்து முழுவதையும் தின்று தீர்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் வேறு யார் முகத்திலும் கண்டதில்லை. கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு சந்தோஷமாக இல்லை என்று அவன் இன்றைக்கும் குத்திக்காட்டுவான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் ரஸ்க்குக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது மாடியில் ஒரு தும்மல் கேட்டது. கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். இன்னொன்று வந்தது. பக்கத்தில் நின்ற பொடிசு அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் மேல போகவே இல்லைப்பா" என்றாள்.

"தெரியும்டி."

"படியிலதான் நின்னேன். கீழ்ப்படியிலதான்."

"மிளகாய்த் தூள் ஏறியிருக்கும்" என்றான் அவன். மாடியில் மிளகாய்த் தூள் டப்பா காலியாகி இரண்டு நாள் ஆகியிருந்தது.

வெந்நீரில் ஆவி பிடித்தாள். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினாள். மாத்திரை போட முடியாது, தூக்கம் வரும், அதைப் போட்டுவிட்டு ஓட்டவும் கூடாது. விடிந்ததும் வழக்கம்போல மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான். பொடிசு படியிலிருந்தே கன்னத்தை உப்பினாள். அவள் மூக்கைப் பிடித்து ஊதினாள். வலது பக்கம் திறந்தபோது புருவம் லேசாகத் துள்ளியது. எப்போதும் அப்படித் துள்ளும். இடது பக்கத்துக்காகக் காத்திருந்தான். அந்தப் புருவம் அசையவே இல்லை.

"கேட்டுச்சு" என்றாள்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அவன் வாயைத் திறந்தான். ஒரு காது திறக்கவில்லை, போகாதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் அவள் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள், கண்ணாடிகூடப் பார்க்காமல், அவ்வளவு கவனமாக. 'முடியவில்லை' என்பதைப் பைலட் தன் வாயால்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது என்பது அந்தத் தொழிலின் நடைமுறை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவன் இரண்டு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தான். கம்பெனி வேன் வந்தது, போய்விட்டது. கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு கீழே இறங்கினான்.

கடை விமான நிலையச் சாலையிலேயே இருந்தது. முதல் விமானம் கிளம்பும்போது கண்ணாடி அலமாரியில் தட்டுகள் லேசாக அதிரும். அந்த அதிர்வைக் கேட்டுத்தான் அவன் இரண்டாவது அடுக்கு ரொட்டியை உள்ளே தள்ளுவான். அன்றைக்கு ரொட்டிகளைத் தள்ளாமலே நின்றான். மாவு பொங்கித் தகர அச்சுக்கு மேலே வந்துவிட்டது. தூறல் வலுத்தது. தட்டுகள் அதிரவில்லை. பால் ஊற்ற வந்தவரிடம் ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்டான். என்ன சத்தம் என்றார் அவர். என்னென்னவோ நினைத்துக் குழம்பினான். வண்டி கிளம்பவே இல்லை என்றால் மேலே எதுவும் நடந்திருக்க முடியாது என்பது வெகுநேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது.

பிறகு நனைந்த பெட்டிகளோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் ஒரு துணிக்கடைக்காரர்.

"ஒரு டீ குடுப்பா. ஃப்ளைட்டு கேன்சலாம். கொள்முதலுக்குப் போக வேண்டியவன், இப்ப பஸ்ஸுல போய் நாளைக்குத்தான் சேரணும்."

"ஏனாம்?"

"பைலட்டுக்குச் சளியாம். கேட்டியா கூத்தை? எனக்கும்தான் சளி. நான் கடையைத் திறக்காமலா இருக்கேன்?"

பேக்கரிக்காரனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். டீயைத் தம்ளர் வழிய வழிய ஊற்றிவிட்டான். சொல்லிவிட்டாள். தரையில்தான் இருக்கிறாள். காது பிழைத்தது. அந்தச் சந்தோஷம் டீயை நீட்டி முடிக்கும் வரைதான் இருந்தது. பிறகு இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது.

"வேற ஆளைப் போட்டு ஓட்ட வேண்டியதுதானே. ஒரு ஆளுக்கு மூக்கு ஒழுகினா ஒரு ஊரே நிக்கணுமா?" என்றார் துணிக்கடைக்காரர்.

"வேற ஆள் இல்லைங்க. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"உனக்கெப்படிப்பா தெரியும்? ரொட்டி சுடறவன்."

அந்தப் பைலட்டின் புருஷன் நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு, "டீக்குக் காசு வேண்டாம், போய்ட்டு வாங்க" என்றான். அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இன்னொரு டீ கேட்டார்.

கூட்டம் வடிந்த பிறகு வேன் வந்து நின்றது. முதலில் அவள் இறங்கினாள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கு சிவந்து. பின்னாலேயே பெரியவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, புதுப்புடவையும் நகையுமாக. புருஷனின் கடைசிப் பயணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து போவதற்காக அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்தவர்.

பேக்கரிக்காரனுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சூடாக நாலு பன்னை வெண்ணெய் தடவி வைத்தான். பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நல்லா இருக்கு. வெளியூர்லேருந்து வாங்குறியா வெண்ணெய்?"

"இல்லைங்கய்யா, இங்கதான்." பிறகு தாங்க முடியாமல், "உங்க கடைசி நாளுங்கய்யா. எங்களால கெட்டுப்போச்சு" என்றான்.

"கடைசி நாள் நேத்தே முடிஞ்சிருச்சு. எனக்குத்தான் தெரியல" என்றார் பெரியவர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூறலைப் பார்த்தார். அவருக்கு வருத்தம் இருந்தது. அதை மறைக்க அவர் ஒன்றும் பெரிதாகப் பாடுபடவில்லை.

அவர் மனைவி பேக்கரிக்காரனின் பக்கம் குனிந்து, ரகசியம்போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தம்பி, உண்மையைச் சொல்லட்டா? இத்தனை வருஷத்துல இவர் ஓட்டுற வண்டில நான் ஏறினதே இல்லை. பயம். இன்னைக்குத்தான் கல்லு மாதிரி மனசைத் திடப்படுத்திக்கிட்டு பெல்ட்டை மாட்டினேன். கதவைத் திறந்து இறங்கிக்கோங்கன்னாங்க பாரு, எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. இந்தப் பொண்ணு சளிக்கு நான் ஒரு கும்பிடு போடணும்."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "முப்பது வருஷமா தலைவலின்னு சொன்னியே?"

"தலைவலியும்தான்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் பன்னோடு சிரித்து, இருமி, பெண்டாட்டி முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. போகும்போது அவர் கோ-பைலட்டின் தோளில் கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "உடம்பைப் பாத்துக்கோம்மா" என்றார், எல்லோரும் சொல்கிற மாதிரி.

கடையில் இருவர் மட்டும் இருந்தபோது அவள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலடா. அதான் விஷயம். கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வாசிச்சுச் சரிபார்ப்போம்ல, அவர் வாசிச்சார், நான் பதில் சொன்னேன். ஒண்ணுகூடத் தப்பா சொல்லல. அந்தக் காது பஞ்சு வச்ச மாதிரி இருந்துச்சு. யாருக்கும் தெரியாது. கிளம்பியிருக்கலாம்."

"அப்புறம்?"

"அவர் கையை வண்டியைக் கிளப்பற லீவர்ல வச்சுட்டு என்னைப் பாத்தார். ரெடியாம்மான்னார். தினமும் கேக்கறதுதான். இறங்கறப்போ வலியில எனக்கு ஒண்ணு ஆயிட்டா அந்த மனுஷன் ஒத்தையாளா இந்த மழையில இறக்கணுமே, பின்னாடி அந்தம்மா உக்காந்திருக்காங்களேன்னு தோணுச்சு. சார், எனக்குக் காது அடைச்சிருக்குன்னேன்."

"என்ன சொன்னார்?"

"சரின்னார். கையை எடுத்துட்டார். அவ்வளவுதான். ஏன் காலையிலேயே சொல்லலன்னுகூடக் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்." அவள் யூனிஃபார்ம் கைப்பட்டையால் மூக்கைத் துடைத்தாள். அழுகிறாளா சளியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அவனுக்கு இனிமேலும் பொறுக்கவில்லை. "இடது பக்கம் திறக்கலன்னு எனக்குக் காலையிலேயே தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"சொல்லியிருக்கணும். வாய் வரல."

"நல்லவேளை சொல்லல. நீ சொல்லி நான் நின்னிருந்தா, சாகற வரைக்கும் உன்னாலதான் என் வேலை போச்சுன்னு உன் உசிரை எடுத்திருப்பேன். இப்ப பாரு, திட்ட ஆளே இல்லை."

"வேணும்னா என்னையே திட்டு. எனக்குப் பழக்கம்தானே."

அவள் சிரித்தாள், மூக்கடைத்த குரலில். அதற்குள் போன் அடித்தது. டூட்டி போடுகிற அக்கா. நல்ல மனுஷி, கோ-பைலட்டுக்காகப் பலமுறை பரிந்து பேசியவள். அவள் குரல் அவனுக்கும் கேட்டது.

"மேல பேசிப் பாத்தேன்டி. மாசக் கடைசின்னா மாசக் கடைசிதானாம். அனுப்பறவங்க வரிசையில உன்னையும் சேத்துட்டாங்க. எனக்குச் சொல்லவே வாய் வரல."

"பரவாயில்லைக்கா."

"இன்னொண்ணு. இதையும் என்னைத்தான் கேக்கச் சொல்றாங்க, திட்டாதே. பக்கத்து நிலையத்துல அடுத்த மாசம் முதல் ரெண்டு நாள், நீ கிளம்பறதுக்கு முன்னாடி, கோ-பைலட் ஒரு ஆள் குறையுது. காது எப்பச் சரியாகும்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரியானதும் சொல்றேன்க்கா" என்று சாதாரணமாகச் சொல்லி வைத்துவிட்டாள். பிறகு எழுந்து, சட்டையின் தோள்பட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, மாடிப்படி ஏறினாள். அவன் கூடப் போகவில்லை. அவளுக்கு இப்போது தனிமை வேண்டும் என்று நினைத்தான்.

அடுப்புக்குப் பின்னாலிருந்து பொடிசு வெளியே வந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை. நேராகப் படிக்குப் போய்க் கீழ்ப்படியில் நின்றாள்.

"அம்மா. என் சளியா அது?"

மேல்படியில் அவள் நின்றாள். திரும்பினாள்.

"இல்லடி. அது வேற. புதன்கிழமை ஃப்ளைட்ல ஒரு மாமா தும்மிக்கிட்டே வந்தார். அவரோட சளி."

"எந்த மாமா?"

"கடைசி சீட்டு மாமா. வழுக்கை. மூக்கு பெருசா இருக்கும்."

பொடிசு அந்த மாமாவை மனதில் பார்த்துக்கொண்டாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. "கைக்குட்டை வச்சுக்க மாட்டாரா அவர்?" என்றாள். பிறகு சந்தேகத்தோடு, "அப்போ நான் மேல வரலாமா?"

"வா."

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள் பிள்ளை. பாதியிலேயே அம்மா இறங்கி வந்து அள்ளிக்கொண்டாள்.

பேக்கரிக்காரன் பொங்கி வழிந்த மாவை வழித்துப் போட்டான். அடுப்பைத் தணித்தான். பட்டப்பகலில் கடையைப் பூட்டியது அதுதான் முதல் தடவை. மேலே போனபோது அவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், வாயைப் பிளந்துகொண்டு, குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை இடுக்கில் பொடிசு முழித்துக்கொண்டு படுத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதப்பா. அம்மா நாளைக்கு டூட்டிக்குப் போகலையாம். லீவாம்."

"அப்படியா?"

"எத்தனை நாள் லீவுப்பா?"

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நிறைய நாளு."

"நெஜமா? ஒரு வாரமா?"

"அதுக்கும் மேலேயே இருக்கும்."

பிள்ளை சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கால் இரண்டையும் போர்வைக்குள் உதறினாள். அவ்வளவு சந்தோஷத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.